பழைய கார்ல பெட்ரோல் கசிவும் துருவும்: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

பழைய கார் வச்சிருக்கேன்னு தெரிஞ்சா போதும், யாராவது ஒருத்தர் பெட்ரோல் வாசனை வருது என்னவா இருக்கும்னு கேட்டு வருவாங்க, ரெண்டு மாசம் கழிச்சு அவங்களே கதவுக்கு அடில துரு, என்ன பண்றதுன்னு வருவாங்க. ரெண்டும் தனித்தனி வியாதின்னு நினைச்சுத்தான் கேக்குறாங்க. பாதி நேரம் ஒண்ணோட குட்டிதான் இன்னொண்ணு. ஒரே பதிலை எத்தனை தடவை டைப் பண்றதுன்னு எல்லாத்தையும் இங்க சேர்த்துப் போட்டுட்டேன். நான் மெக்கானிக் இல்ல, சொந்த வண்டியை நானே கழட்டி மாட்டிப் பழகின ஆளு. மேல சொன்னதைக் கீழ திரும்பச் சொல்லல, அதனால வரிசையாவே படிங்க.

வாசனை மட்டும்தான் வருது, கீழ ஒரு சொட்டு கூட இல்ல. ஓட்டலாமா அண்ணா?

ஓட்டாதீங்க. பெட்ரோல் சும்மா காத்து பட்டாலே ஆவியாயிடும், அதுவும் சூடான இன்ஜின் பக்கத்துல சின்னக் கசிவுன்னா தரைக்கு வந்து சேர்றதுக்குள்ளயே காஞ்சிடும். தரை காஞ்சிருக்குன்னா லீக் இல்லன்னு அர்த்தம் கிடையாது. இன்னும் சொல்லப்போனா வாசனை வந்து சொட்டு தெரியாதது எனக்கு அதிக பயம், ஏன்னா போன பெட்ரோல் பூரா ஆவியா அங்கேயே எங்கயோ நிக்குது. அந்த ஆவி காத்தை விட மூணு நாலு மடங்கு கனம், மேல போகாது, பள்ளம் பார்த்து உக்காரும். காத்துல சுமார் 1.4 சதவீதம் கலந்தாலே பத்திக்கிற அளவுக்கு வந்துடும், பெட்ரோலோட ஃப்ளாஷ் பாயிண்ட் (பத்திக்கிற அளவுக்கு ஆவி வர்ற குறைஞ்சபட்ச வெப்பம்) மைனஸ் 40 டிகிரி பக்கம், அதனால குளிரா இருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லவும் வழியில்ல.

இன்னொண்ணு, மூக்கை ரொம்ப நம்பாதீங்க. பத்து நிமிஷம் அதே வாசனையில இருந்தா மூக்கு பழகிடும், "இப்ப வாசனை போயிடுச்சு"ன்னு தோணும். வெளில இருந்து வர்ற ஒருத்தரைக் கூப்பிட்டு மோந்து பாக்கச் சொல்லுங்க.

லீக் எங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது, எல்லாத்தையும் கழட்டணுமா?

ஸ்பேனர் எடுக்குறதுக்கு முன்னாடி இதுவரைக்கும் எப்போ எப்போ வாசனை வந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. பெட்ரோல் போட்ட அன்னைக்கு மட்டும் வந்தா டேங்க்கோட மேல்பாகம் இல்லன்னா பெட்ரோல் ஊத்துற குழாய். காலைல முதல் ஸ்டார்ட்ல வந்து சூடானதும் நின்னுட்டா, இன்ஜெக்ஷன் (பெட்ரோலை பிரஷர்ல பீச்சுற) வண்டின்னா இன்ஜெக்டர் ஓரிங்கை, அதாவது பீச்சுற முனையைச் சுத்தி இருக்கிற ரப்பர் வளையத்தைப் பாருங்க, பழசான ரப்பர் குளிர்ல சுருங்கி வழி விடும், சூடுல விரிஞ்சு தானே அடைச்சுக்கும். நல்லா ஓட்டிட்டு நிறுத்தின பிறகு வந்தா கார்புரேட்டர், பழைய வண்டில பெட்ரோலைக் காத்தோட கலந்து இன்ஜினுக்குக் குடுக்குற பாகம். எப்பவுமே வருதுன்னா ஹோஸ்ல இருந்து ஆரம்பிங்க.

அப்புறம் கண்ணால பாக்குறது. பழைய இன்ஜின் மேல எப்பவும் ஒரு எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிஞ்சிருக்கும்ல, பெட்ரோல் போன பாதை மட்டும் கழுவி விட்ட மாதிரி பளிச்சுன்னு ஒரு கோடா தெரியும். ரொம்ப நாள் கசிவுன்னா அந்தக் கோட்டு ஓரத்துல வார்னிஷ் மாதிரி மஞ்சளா ஒரு கறை இருக்கும். சந்தேகப்படுற ஜாயிண்ட்ல டிஷ்யூ பேப்பரைச் சுத்தி வைங்க, ராத்திரி வண்டிக்கு அடில வெள்ளை அட்டை போடுங்க. வெளிச்சத்துக்கு எல்இடி டார்ச் மட்டும்தான், வயர் இழுத்து மாட்டுற குண்டு பல்பு வேண்டவே வேண்டாம், அது மேல ஒரு சொட்டு விழுந்து பல்பு உடைஞ்சா அதுவே தீக்குச்சி.

அரை டேங்க் இருக்கும்போது ஒண்ணுமில்ல, ஃபுல் பண்ணினா மட்டும் டிக்கி பூரா நாறுது, இது என்ன கூத்து?

இது என் வண்டியிலயே நடந்தது. மூணு மாசம் ஹோஸ் ஹோஸா மாத்திப் பார்த்தேன். கடைசில டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கி அந்த வட்ட மூடியைக் கழட்டினா, டேங்க் மேல ஃப்ளோட் யூனிட்டை (பெட்ரோல் அளவு காட்டுற மிதவை) சுத்தி ஈரமண் ஒரு வளையமா கெட்டியா படிஞ்சிருக்கு. மண்ணைச் சுரண்டினா அடில அதை இறுக்கிப் பிடிக்கிற லாக் ரிங் செதில் செதிலா உரியுது. அந்த ரப்பர் பேக்கிங்கை விரலால எடுத்தேன், கடிச்ச மிட்டாய்த் தாள் மாதிரி தட்டையா, பாதி வட்டத்துல பொடியாவே போச்சு. டேங்க் பாதி இருக்கும்போது பெட்ரோல் அந்த உயரத்துக்கு வராது, ஃபுல் பண்ணினா திருப்பத்துல எல்லாம் அது வரைக்கும் அலையடிக்கும், அவ்வளவுதான் விஷயம்.

புது பேக்கிங் போட்டேன், ரெண்டு வாரத்துல மறுபடி வாசனை! ஏன்னா பேக்கிங் உக்கார்ற டேங்க் விளிம்பே துருவுல குழி விழுந்து கிடந்தது, அதைப் பாக்காம மாட்டிட்டேன். டேங்க்கைக் கீழ இறக்கி, காலி பண்ணி, விளிம்பைக் கையாலயே மெல்லிசான உப்புத்தாள் போட்டு வழவழன்னு ஆக்கின பிறகுதான் நின்னுச்சு. கிரைண்டர் எல்லாம் அங்க கிட்டயே வரக்கூடாது. லாக் ரிங்கை சுத்தியல் உளியால தட்டாதீங்க, தீப்பொறி வரும், மரக்கட்டை இல்லன்னா பித்தளை வச்சுத் தட்டுங்க.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணம் பெட்ரோல் ஊத்துற குழாய். பின் சக்கரம் அடிக்கிற சேறு பூரா அதோட வளைவுலதான் ஒட்டும், வெளில இருந்து உளுத்துப் போகும். மட்கார்டு உள்பக்கம் இருக்கிற பிளாஸ்டிக் கவரைக் கழட்டாம தெரியவே தெரியாது.

ஹோஸ் வெடிப்பு விட்டிருக்கு. கடையில கேட்டா "பெட்ரோல் பைப்"னு ஒண்ணு குடுக்குறாங்க, அதையே போடலாமா?

கார்புரேட்டரா இன்ஜெக்ஷனான்னு முதல்ல பாருங்க. கார்புரேட்டர் வண்டியில மெக்கானிக்கல் பம்ப் குடுக்குற பிரஷர் 4 இல்ல 6 பிஎஸ்ஐ, ஊதித் தள்ளுற அளவுதான். இன்ஜெக்ஷன்ல 40, 50 பிஎஸ்ஐ சர்வசாதாரணம். மொதல் ரகத்துக்கு எஸ்ஏஈ ஜே30ஆர்7னு தர எண் ஹோஸ் மேலயே அச்சடிச்சிருக்கும், ரெண்டாவதுக்கு ஜே30ஆர்9. டேங்க் உள்ள பெட்ரோல்ல மூழ்கியே கிடக்கிற ஹோஸ்னா ஜே30ஆர்10, ஏன்னா அது வெளிப்பக்கமும் பெட்ரோல்ல ஊறணும், சாதா ஹோஸோட வெளித்தோல் அதைத் தாங்காது, ஊறி வழுவழுன்னு ஆயிடும். ஹோஸ் மேல எழுத்தே இல்லன்னா வாங்காதீங்க.

கிளிப்பையும் மாத்துங்க. பல்லு வெட்டின பட்டை கிளிப்பை முறுக்க முறுக்க ரப்பரை அறுக்கும். விளிம்பு மடிச்சு விட்ட இன்ஜெக்ஷன் கிளிப் இருக்கு, அது வாங்குங்க. ஒண்ணு போனா மத்ததும் அதே வயசுதான், அதனால ஒரே நாள்ல எல்லா ஹோஸையும் மாத்துறதுதான் புத்திசாலித்தனம், மிச்ச பெட்ரோலை டேங்க்குக்குத் திருப்பி அனுப்புற ரிட்டர்ன் லைன் உட்பட. அதைத்தான் எல்லாரும் மறப்பாங்க.

எல்லாம் இந்த எத்தனால் கலந்த பெட்ரோலாலதான்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. எத்தனாலை மனசுல வச்சுப் பண்ணாத காலத்து ரப்பர், கார்க் பேக்கிங், சில வகை ஃபைபர் டேங்க் ரெசின் இதெல்லாம் அதுல ஊறி இளகும், இல்லன்னா விறைச்சு வெடிக்கும். எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், அளவு மீறினா தண்ணியும் எத்தனாலும் சேர்ந்து பிரிஞ்சு டேங்க் அடில போய் படுத்துக்கும், அங்க இருந்து துரு ஆரம்பிக்கும். பழைய டேங்க்ல வருஷக்கணக்கா ஒட்டிக்கிட்டிருந்த அழுக்கையும் கரைச்சு விடும், அதனால முதல் சில டேங்க்ல ஃபில்டர் அடைக்கும்.

ஆனா முப்பது வருஷ ஹோஸ் சுத்தமான பெட்ரோல்லயும் வெடிக்கத்தான் செய்யும். மேல சொன்ன ரக ஹோஸ் போட்டுட்டு, வண்டியை மாசக்கணக்கா நிறுத்தாம ஓட்டிக்கிட்டு இருந்தா எத்தனாலைப் பத்திப் பெருசா அலட்டிக்க வேண்டியதில்ல.

ப்ரோ, இன்ஜின் ஆயில் குறையவே இல்ல, உல்டாவா ஏறுது! சந்தோஷப்படலாமா?

டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பாக்குற கம்பி) எடுத்து மோந்து பாருங்க. பெட்ரோல் வாசனை வந்தா வண்டியை அங்கேயே நிறுத்துங்க. பழைய கார்ல இன்ஜின் பக்கவாட்டுல போல்ட் போட்டு நிக்குமே மெக்கானிக்கல் பம்ப், அதுக்குள்ள டயாபிரம்னு ஒரு ரப்பர் தோல், அது கிழிஞ்சா பெட்ரோல் நேரா இன்ஜின் அடில ஆயில் நிக்கிற சம்புக்குள்ள இறங்கும். வெளில ஒரு சொட்டு வராது, மைலேஜ் குறையுதுன்னு மட்டும் தோணும். ஆயில் தண்ணியா போயி பேரிங்கைத் தின்னும், சம்புக்குள்ள ஆவி நிக்கும்.

பம்ப்பை மாத்தி, ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாத்தணும், பம்ப்பை மட்டும் மாத்திட்டு அதே ஆயில்ல ஓட்டக்கூடாது. சில பம்ப்ல அடில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், டயாபிரம் போனா அது வழியா சொட்டி நமக்குச் சொல்றதுக்குத்தான் வச்சிருக்காங்க. அதை எம்சீல் வச்சு அடைச்ச மகானுபாவர்களையும் பார்த்திருக்கேன்.

கார்புரேட்டர் மேல வழிஞ்சு நனைஞ்சே கிடக்கு, புதுசு வாங்கணுமா?

பெரும்பாலும் வேண்டாம். உள்ள பெட்ரோல் நிறைஞ்சா மிதவை (ஃப்ளோட்) மேல ஏறி வழியை அடைக்கிற ஊசி, அந்த ஃப்ளோட் நீடில் தேஞ்சிருக்கும், இல்லன்னா அதுக்கு அடில ஒரு துருத்தூள் மாட்டியிருக்கும், மூடாம பெட்ரோல் வந்துக்கிட்டே இருக்கும். ஃப்ளோட்டைக் கழட்டிக் காதுகிட்ட ஆட்டிப் பாருங்க, உள்ள சளசளன்னா ஓட்டை, மிதக்காம முங்குது. துருத்தூள்தான் காரணம்னா கார்புரேட்டரைத் துடைச்சு மாட்டுறது ஒரு வாரத்துக்குத்தான் தாங்கும், டேங்க்குக்குப் போங்க.

டேங்க் உள்ள எப்படி துரு பிடிக்கும், அதுல பெட்ரோல்தானே இருக்கு?

பெட்ரோல் இருக்கிற இடத்துல பிடிக்காது. மேல காலியா இருக்கே, அங்கதான். பகல்ல சூடாகி ராத்திரி குளிர்ந்தா உள்ள இருக்கிற காத்தோட ஈரம் தகரத்துல வேர்வை மாதிரி படியும், வடிஞ்சு அடில போய்ச் சேரும், தண்ணி பெட்ரோலை விட கனம் பாருங்க. கால் டேங்க்கோட ஆறு மாசம் நிக்கிற வண்டிக்குத்தான் இது சீக்கிரம் வரும். நிறுத்தப் போறீங்கன்னா ஃபுல் பண்ணிட்டு நிறுத்துங்க, இரும்பு டேங்க்னா இது கட்டாயம். (ஃபுல் பண்ணினா நாறுதுன்னா டிக்கி கேள்விக்கு மறுபடி போங்க.)

சுத்தம் பண்றதுன்னா டேங்க்கை இறக்கி, காலி பண்ணி, நல்லா அலசிட்டு, ஒரு சங்கிலித் துண்டைப் போட்டு குலுக்குங்க. வர்ற செதிலைப் பார்த்தா பயமா இருக்கும். அப்புறம் சிட்ரிக் ஆசிட் கரைச்ச தண்ணிய நிரப்பி ஒரு நாள் ஊற விட்டு, கொட்டி, சோடா மாவு தண்ணில அலசி, உடனே காய வைக்கணும், அரைமணி நேரம் அசால்ட்டா விட்டா கண்ணு முன்னாடியே திரும்ப செம்மண் கலர் ஏறும். சில பேர் கரண்ட் விட்டு எலக்ட்ராலிசிஸ் பண்றாங்க, நல்ல முறைதான், ஆனா கரண்ட் விடுறதுக்கு உள்ள இறக்குற கம்பியா ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் போடாதீங்க, விஷமான குரோமியம் கரையும்.

டேங்க்ல ஊசி முனை ஓட்டை. சோப்பு தேச்சா நிக்கும்னு தாத்தா காலத்துல இருந்து சொல்றாங்க, வெல்டிங் வச்சுடலாமா?

சோப்பு நிஜமாவே நிக்கும். சோப்பு பெட்ரோல்ல கரையாது, அதனால பார் சோப்பை ஓட்டை மேல அழுத்தித் தேச்சா கசிவு அடங்கும். ஆனா மழைத்தண்ணி பட்டா கரைஞ்சு ஓடிடும். இந்த வைத்தியமெல்லாம் நடுரோட்டுல நின்ன வண்டியை ஓரம் கட்டி, டேங்க்கை காலி பண்ற வரைக்கும்தான். எபாக்சி புட்டியும் அப்படித்தான், கொஞ்சம் கூடுதல் நாள் தாங்கும். சாதா சிலிக்கான் பேஸ்ட் மட்டும் வேண்டாம், பெட்ரோல்ல ஊறி கழண்டு வந்து ஃபில்டரைப் போய் அடைக்கும்.

வெல்டிங்: வேண்டாம். காலி டேங்க்தானேன்னு நினைக்கிறதுதான் ஆபத்து, நிறைஞ்ச டேங்க்கை விட காலி டேங்க்லதான் வெடிக்கிற அளவுக்கு ஆவியும் காத்தும் கலந்திருக்கும். ரெண்டு தடவை கழுவினாலும் மடிப்புக்குள்ள இருக்கிற பெட்ரோல் சூடு பட்டதும் ஆவியா வெளிய வரும். இதையே தொழிலா செய்யறவங்க நீராவி விட்டுக் கழுவி, வெடிக்காத வாயுவை நிரப்பிட்டுத்தான் பத்த வைப்பாங்க. அப்புறம் ஒரு ஓட்டை வெளிய தெரியுதுன்னா சுத்தி இருக்கிற தகரமும் பேப்பர் கனத்துலதான் இருக்கும், ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டிப் பாருங்க. புது டேங்க் கிடைச்சா புதுசு போடுங்க.

என்னது டீசல் வண்டி, தீ பயம் இல்லல்ல?

குறைவு, இல்லன்னு சொல்ல முடியாது. டீசலோட ஃப்ளாஷ் பாயிண்ட் பெட்ரோலை விட ரொம்ப மேல, ஆனா சூடான சைலன்சர் பைப் மேல பீச்சியடிச்சா அதுவும் பத்தும். பழைய டீசல்ல கசிவு வேற மாதிரி காட்டும்: பம்ப் உறிஞ்சுற பக்கத்துல ஓட்டைன்னா டீசல் வெளிய வராது, காத்து உள்ள போகும், காலைல செல்ஃப் அடிச்சு அடிச்சு பேட்டரி போகும்.

காமன் ரெயில் வண்டியா (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாய்ல அதிக பிரஷர்ல டீசல் நிக்கிற புது ரக டீசல்) இருந்தா ஒண்ணே ஒண்ணு சொல்லிடுறேன், ஓடுற இன்ஜின்ல லீக் தேடி விரலை வச்சுத் தடவாதீங்க. அதுல பிரஷர் 1000 பாரைத் தாண்டும், கண்ணுக்குத் தெரியாத பீச்சல் தோலைத் துளைச்சு உள்ள டீசலை ஏத்திடும். வெளில பாத்தா ஒரு சின்னப் புள்ளிதான் இருக்கும், வலி கூட முதல்ல தெரியாது, ஆனா அது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம்.

அடில போற இரும்பு பைப்ல ஒரு இடம் மட்டும் துரு. வெட்டிட்டு நடுவுல ரப்பர் ஹோஸ் சொருகலாமா?

கார்புரேட்டர் வண்டின்னா, பைப் முனையை புடைச்சு விட்டு, சரியான ஹோஸ் கிளிப் போட்டு சமாளிக்கிறவங்க உண்டு. இன்ஜெக்ஷன்ல கூடவே கூடாது, 50 பிஎஸ்ஐல வழவழ பைப் மேல ஹோஸ் நழுவிடும். ஆனா நான் கேக்குறது வேற: ஏன் அந்த ஒரு இடத்துல மட்டும் துரு? நல்லா பாத்தா பிளாஸ்டிக் கிளிப் பைப்பைப் பிடிக்கிற இடமா இருக்கும், அதுக்குள்ள சேறும் ஈரமும் காயாம நிக்கும். அப்போ அடுத்த கிளிப்லயும் அதே கதைதான். ஒவ்வொரு கிளிப்பையும் திறந்து பாருங்க.

அதே கிளிப்லதான் பக்கத்துல பிரேக் பைப்பும் போகும்! பெட்ரோல் பைப்பைப் பாக்கப் போயி பிரேக் பைப் உளுத்திருக்கிறதைக் கண்டுபிடிச்சவங்க நிறைய. அதுக்கு வெறும் செம்புக் குழாய் போடாதீங்க, அதிர்வுல விறைச்சு வெடிக்கும். செம்பும் 10 சதவீதம் நிக்கலும் கலந்த குனிஃபெர் பைப் இருக்கு, துருவும் பிடிக்காது, வளைக்கவும் சுலபம்.

பெயிண்ட் மேல சின்னக் கொப்புளம்தான், தேச்சு டச்சப் பண்ணினா போதும்ல?

கல்லு பட்டு மேல இருந்து ஆரம்பிச்ச துருன்னா போதும். கதவு அடி, சக்கரத்துக்கு மேல வர்ற வளைவு, இந்த இடங்கள்ல கொப்புளம்னா துரு உள்ள இருந்து வெளிய வந்திருக்கு. துரு இரும்பை விட பல மடங்கு இடம் எடுக்கும், அது உப்பித்தான் பெயிண்டைத் தூக்குது. மேல கடலை சைஸ்ல தெரிஞ்சா உள்ள உள்ளங்கை அகலம்னு வச்சுக்குங்க.

தண்ணி ஏன் உள்ள நின்னுச்சுன்னு பாருங்க. கதவுக்கு அடி விளிம்புல சின்னச் சின்ன ஓட்டை விட்டிருப்பாங்க, கண்ணாடி வழியா இறங்கின மழைத்தண்ணி வடியறதுக்கு. அது மண்ணு அடைச்சு, இல்லன்னா முன்னாடி பெயிண்ட் அடிச்சவர் தாராளமா பட்டி பூசி மூடியிருப்பார். ஒரு கம்பியை விட்டுக் குத்தினா சில கதவுல அரை டம்ளர் தண்ணி கொட்டும். முன் கண்ணாடிக்குக் கீழ இருக்கிற சல்லடையும் அப்படித்தான், காஞ்ச இலை அடைச்சா தண்ணி கால் வைக்கிற பக்கம் இறங்கும்.

ரஸ்ட் கன்வெர்ட்டர்னு விக்கிறாங்களே, ஏமாத்தா?

இல்ல. டேனிக் ஆசிட்டோ பாஸ்பாரிக் ஆசிட்டோ இருக்கும், மெல்லிசான துருவை கருப்பா கெட்டியான ஒரு படலமா மாத்தும். ஆனா செதில் செதிலா நிக்கிற துரு மேல தடவினா மேல்தோல் மட்டும் கருப்பாகும், அடில வழக்கம் போல வேலை நடக்கும். கம்பி பிரஷ் போட்டு உதிர்றதெல்லாம் உதிர்த்துட்டுத் தடவுங்க, காஞ்சதும் பிரைமர், பெயிண்ட். பளபளன்னு இருக்கிற வெறும் இரும்பு மேல தடவி ஒரு லாபமும் இல்ல. ஓட்டை விழுந்த இடத்துக்கு இது வைத்தியமே கிடையாது.

அடில கருப்பா தார் கோட்டிங் அடிச்சுட்டேன், இனிமே கவலை இல்லல்ல?

காஞ்ச, துருவில்லாத தகரம் மேல அடிச்சிருந்தா நல்லது. துரு மேல அடிச்சிருந்தா அதுக்குப் போர்வை போத்தி விட்டுட்டீங்க. தார் நாளாக விறைச்சு வெடிப்பு விடும், வெடிப்புல தண்ணி போகும், வெளிய வரத் தெரியாது. பழைய வண்டி வாங்கப் போகும்போது அடிப்பக்கம் புத்தம்புதுசா கருகருன்னு இருந்தா எனக்கு சந்தேகம்தான் முதல்ல வரும். பெட்டி மாதிரி மூடின பாகங்களுக்கு உள்ள தெளிக்கிற மெழுகு, லனோலின் எண்ணெய் இதெல்லாம் எவ்வளவோ மேல், இறுகாம ஊர்ந்து மடிப்புக்குள்ள போகும், வருஷம் ஒரு தடவை திரும்ப அடிக்கணும்.

வாங்கப் போறேன், துருவை எங்கெங்க பாக்கணும்? எந்த மாடல் துரு பிடிக்காது?

ஒரு காந்தத்தை மெல்லிசு துணில சுத்தி எடுத்துக்கிட்டுப் போங்க. கதவு அடி, மட்கார்டு ஓரத்துல ஒட்டலன்னா அங்க தகரம் இல்ல, பட்டி. (அலுமினியம், பிளாஸ்டிக் பாகம்னா ஒட்டாது, அதைக் கேட்டுக்குங்க.) ஆனா வெளித்தகரத்தை விட முக்கியம் வண்டி பாரம் தாங்குற இடங்கள்: ஜாக்கி வைக்கிற இடம், முன் சஸ்பென்ஷன் மேல போல்ட் போட்டு நிக்கிற மேடை, சீட் பெல்ட் மாட்டின அடித்தகரம். கார்ப்பெட்டைத் தூக்கிக் கையை வைங்க, ஈரமா இருந்தா அடில பாக்காம பேரம் பேசாதீங்க. ஸ்டெப்னி வைக்கிற பள்ளத்தையும் பாருங்க.

துருவே பிடிக்காத மாடல்னு ஒண்ணு இல்ல, தள்ளிப் போட்டது உண்டு. போர்ஷே 911ல 1970கள் நடுவுல இருந்து துத்தநாகம் பூசின தகரம், ஆடி 100க்கு 1985ல இருந்து பாடி முழுக்க. அதுலயும் இடிச்சு வெல்டிங் வச்ச இடத்துல துத்தநாகம் எரிஞ்சு போயிருக்கும், துரு அங்க இருந்து ஆரம்பிக்கும்.

நானே ஹோஸ் மாத்தப் போறேன், என்ன ஜாக்கிரதை?

திறந்த வெளில, இன்ஜின் ஆறின பிறகு. பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. இன்ஜெக்ஷன்னா அதுக்கு முன்னாடியே பம்ப் ஃப்யூஸை எடுத்துட்டு, வண்டி தானா அணையற வரைக்கும் ஓட விட்டுடுங்க, இல்லன்னா ஹோஸைக் கழட்டினதும் மூஞ்சில பீச்சும். ஏபிசி பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டுற தூரத்துல இருக்கட்டும், பெட்ரோல் தீ மேல தண்ணி ஊத்தினா தீயும் சேர்ந்து மிதந்து பரவும். முடிச்சதும் உடனே ஸ்டார்ட் பண்ணாம, சாவியை ஆன்ல மட்டும் வச்சு பம்ப்பை ஓட விட்டு ஜாயிண்ட் எல்லாம் துணியால தொட்டுப் பாருங்க.

எல்லாத்தையும் மாத்தியாச்சு, இன்னும் வாசனை போகல. பைத்தியம் பிடிக்குது.

பெட்ரோல் மூடியோட ரப்பர் வளையத்தைப் பாத்தீங்களா? அதை யாரும் பாக்கமாட்டாங்க. அடுத்தது கரி டப்பா, டேங்க் ஆவியை உறிஞ்சி வைக்கிற டப்பா, கொஞ்சம் புது வண்டிகள்ல இருக்கும். பங்க்ல நாசில் டக்குன்னு நின்ன பிறகும் கழுத்து வரைக்கும் ஊத்துற பழக்கம் இருந்தா பெட்ரோலே அதுக்குள்ள போயி கரி ஊறிப் போயிருக்கும், மாத்துறதைத் தவிர வழியில்ல.

ரெண்டும் சரின்னா லீக் நின்னுதான் இருக்கும், வாசனைதான் போகல. ஒருத்தர் இதே மாதிரி வந்தார், டேங்க் முதல் கார்புரேட்டர் வரைக்கும் எல்லாம் புதுசு. டிக்கி கார்ப்பெட்டை உரிச்சா அடில தகரத்தோட ஒட்டியிருந்த பழைய ஃபெல்ட், பிழிஞ்சா விரல் நனையுது. அதைத் தூக்கி வெளில போட்டோம், அடில தகரம் என்ன நிலைமைல இருந்திருக்கும்னு இவ்வளவு தூரம் படிச்சவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் சுரண்டிக்கிட்டு இருந்தோம்.